படம் காட்டும் வழியும் நோயாளியின் உரிமையும்

(புற்றுநோய் பற்றிய பொதுக்கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



ஆடவர் பலர் வாய்விட்டுச் சொல்லக் கூசுகின்ற நோயொன்றைப் பற்றிப் பேசுவதற்காக இன்று இம்மேடையில் நாம் நிற்கின்றோம். சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர் செல்லும் குழாயைச் சுற்றி அமைந்துள்ள சிறியதொரு சுரப்பிக்குப் புரொஸ்டேட் என்பது பெயர். பெரும்பாலும் முதுமையில் அச்சுரப்பியில் தோன்றும் புற்றுநோய், உலகில் ஆண்களைப் பற்றும் புற்றுநோய்களுள் முன்வரிசையில் நிற்பது. 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் 14 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. இத்தனை பேரைப் பற்றும் நோயைப் பற்றி வெட்கத்தினால் வாய்மூடியிருத்தல் அறிவுடைமையாகாது.

இந்நோய் ஏன் வருகின்றது என்பதையோ, வராது தடுப்பது எங்ஙனம் என்பதையோ நாம் இன்று பேச வரவில்லை. ஒரேயொரு வினாவை மாத்திரம் உங்கள்முன் வைக்கின்றோம். ஒரு சிகிச்சையைத் தொடங்குவதற்கு முன்னரே, அது இந்த நோயாளிக்குப் பலன் தருமா, தராதா என்பதைப் படம் பிடித்துப் பார்த்துச் சொல்லுதல் இயலுமா? இயலும் என்றால், அந்தச் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்? அதனை வைத்துக்கொண்டு நோயாளிக்கு எதனைக் கொடுக்கலாம், எதனை மறுக்கலாம்?

இவ்வினா கல்விமான்களின் பொழுதுபோக்கன்று. நோய் எலும்புகளுக்குப் பரவிய ஒருவருக்கு எஞ்சியிருப்பவை சில ஆண்டுகளாகவோ சில மாதங்களாகவோ இருக்கலாம். பயன் தராத மருந்தொன்றை மூன்று மாதம் ஏற்றிவிட்டு, ‘பலிக்கவில்லை, இன்னொன்றைப் பார்ப்போம்’ என்று சொல்வது எளிது. அந்த மூன்று மாதத்தையும், அம்மருந்து உறிஞ்சிய உடல் வலுவையும், குடும்பம் செலவிட்ட பொருளையும் அவருக்குத் திருப்பித் தருவார் யார்?

பழைய அளவுகோல்கள்

1941 ஆம் ஆண்டில் சிக்காகோவிலே சாள்ஸ் ஹகின்ஸ் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், ஆண் ஓமோனைக் குறைத்தால் பரவிய புரொஸ்டேட் புற்றுநோயும் ஒடுங்கும் என்பதைக் காட்டினார். அதற்காக 1966 ஆம் ஆண்டில் நோபல் பரிசையும் பகிர்ந்து பெற்றார். இன்றுவரை பரவிய நோய்க்கான சிகிச்சையின் அத்திவாரம் அதுவே. ஆயினும் பெரும்பாலானோரில் நோய் ஒரு காலம் அடங்கியிருந்து, பின்னர் ஓமோன் குறைந்த நிலையிலும் வளரக் கற்றுக்கொள்கின்றது. அதன்பின் எந்த மருந்து என்பதே வைத்தியர்களின் தலைவலி.

மருந்து பலிக்கின்றதா என்பதை அறிய இரு அளவுகோல்கள் நெடுங்காலம் பயன்பட்டு வந்துள்ளன. ஒன்று, பி.எஸ்.ஏ. எனப்படும் இரத்தப் பரிசோதனை. மற்றையது, எலும்பு ஸ்கான். இரண்டும் பயனுள்ளவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டும் மருந்தைக் கொடுத்த பின்னரே பதில் சொல்கின்றன. அதிலும் எலும்பு ஸ்கான் சில வேளைகளில் தலைகீழாகவும் பேசும். அந்த ஸ்கானில் ஒளிர்வது புற்றுநோய் அன்று. புதிய எலும்பு உருவாகும் இடமே ஒளிர்கின்றது. புற்றுநோய் அரித்த இடத்தில் மருந்து பலித்து எலும்பு ஆறத் தொடங்கினால் அங்கும் புதிய எலும்பு உருவாகும், அவ்விடமும் ஒளிரும். ‘நோய் பெருகிவிட்டது’ என்று நோயாளியும் வைத்தியரும் அஞ்சுகின்ற அந்த வேளையில் உண்மையில் நோய் ஆறிக்கொண்டிருக்கலாம். இதனாலன்றோ 2008 ஆம் ஆண்டில் ஆய்வாளர் குழுவினர், சிகிச்சை தொடங்கியபின் எடுக்கும் முதற் படத்தில் புதிய புள்ளிகள் தோன்றினும் அடுத்த படத்திலும் மேலும் புள்ளிகள் தோன்றினாலன்றி நோய் பெருகியதாகக் கொள்ளலாகாது என்று விதி வகுத்தனர்!

படம் பொய் சொல்வதில்லை. படத்தை வாசிப்பவர் பிழைபட வாசிக்கலாம். இதனை மனத்திற் கொண்டு புதிய படத்திடம் செல்வோம்.

ஒரே பூட்டு, இரண்டு திறப்புகள்

புரொஸ்டேட் புற்றுநோய்க் கலங்களின் மேற்பரப்பிலே பி.எஸ்.எம்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் புரதமொன்று பெரும்பாலும் மிகுதியாக இருக்கின்றது. அதனை ஒரு பூட்டு என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பூட்டிலே சரியாகப் பொருந்தும் சிறியதொரு திறப்பை இரசாயன அறிஞர்கள் செய்தனர். அந்தத் திறப்பின் நுனியிலே கதிரியக்கம் உடைய கலியம்-68 என்னும் சமதானியைக் கட்டி, இரத்தக் குழாய் வழியே செலுத்துகின்றனர். அது உடலெங்கும் ஓடிப் பூட்டு உள்ள இடங்களில் எல்லாம் தங்குகின்றது. கலியம் வெளியிடும் பொசித்திரன் என்னும் துணிக்கை அருகிலுள்ள இலத்திரனைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, எதிரெதிர்த் திசைகளில் இரு காமாக் கதிர்கள் புறப்படுகின்றன. நோயாளியைச் சூழ்ந்துள்ள வளையம் அவ்விரு கதிர்களையும் பிடித்து, அவை புறப்பட்ட இடத்தைக் கணக்கிடுகின்றது. இதுவே பெட் ஸ்கான். கலியம்-68 இன் அரைவாழ்வுக் காலம் 68 நிமிடங்களே; ஆதலால் வேலை முடிந்ததும் அதன் கதிரியக்கம் விரைவில் ஓய்ந்துவிடும்.

அவுஸ்திரேலியாவின் பத்து நிலையங்களில் 302 ஆண்களை வைத்து நடத்தப்பெற்று 2020 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, நோய் பரவியுள்ளதா என்பதை அறிவதில் இப்புதிய படம் 92 வீதம் சரியாக இருந்தது என்றும், பழைய சி.ரி. ஸ்கானும் எலும்பு ஸ்கானும் சேர்ந்து 65 வீதமே சரியாக இருந்தன என்றும் காட்டிற்று.

இதுவரை சொன்னது விளக்குக் கட்டிய திறப்பு. அதே பூட்டுக்குப் பொருந்தும் இன்னொரு திறப்பின் நுனியில் விளக்குக்குப் பதிலாக நெருப்பைக் கட்டினால் என்ன? லுதீசியம்-177 என்னும் சமதானி அந்த நெருப்பு. அதன் பீற்றாக் கதிர்கள் திசுக்களில் அதிகம் போனால் இரண்டு மில்லிமீற்றர் தூரமே செல்கின்றன. ஆகவே பூட்டு உள்ள கலத்தையும் அதன் அண்டை அயலையும் அவை தாக்குகின்றன.

இக்கருத்து இன்று நேற்றுப் பிறந்ததன்று. கதிரியக்கப் பொருளை உயிர்களின் உள்ளே அனுப்பி அதன் வழியைத் தொடரலாம் என்பதை ஜோர்ஜ் டி ஹெவெசி 1923 ஆம் ஆண்டில் தாவரங்களிற் காட்டினார். 1941 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் சோல் ஹேர்ற்ஸ் என்னும் வைத்தியர், தைரொயிட் சுரப்பி அயடீனை ஈர்க்கும் இயல்பைப் பயன்படுத்தி, கதிரியக்க அயடீனால் அச்சுரப்பியின் மிகை இயக்கத்துக்குச் சிகிச்சை அளித்தார். எந்தப் பொருளைக் கொண்டு பார்க்கின்றோமோ அந்தப் பொருளைக் கொண்டே மாற்றுவோம் என்னும் கொள்கை அன்றே வேரூன்றிவிட்டது. புரொஸ்டேட் புற்றுநோயில் அது இன்று கிளைவிட்டிருக்கின்றது.

இங்கேதான் நம் வினாவுக்குரிய விடை ஒளிந்திருக்கின்றது. மருந்து சென்று சேரும் இடங்களை, மருந்தைக் கொடுக்கும் முன்னரே விளக்குத் திறப்பு காட்டிவிடுகின்றது. பூட்டு இல்லாத கட்டியில் நெருப்புத் திறப்பு தங்காது. அப்படியானால் படத்தைப் பார்த்தே பலனைச் சொல்லலாமல்லவா?

அவுஸ்திரேலியா நடத்திய சோதனை

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 831 நோயாளிகளை வைத்து நடத்தப்பெற்று 2021 ஆம் ஆண்டில் வெளியான ‘விஷன்’ ஆய்வு, வழக்கமான பராமரிப்புடன் லுதீசிய மருந்தையும் பெற்றோர் சராசரியாக 15.3 மாதங்களும், அது பெறாதோர் 11.3 மாதங்களும் வாழ்ந்தனர் என்று காட்டிற்று. (இங்கே சராசரி என்பது நடுவெண், பாதிப்பேர் அதனினும் கூடுதலாக வாழ்ந்தனர் என்க.) அதன் பயனாக 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு அனுமதி வழங்கியது.

ஆயினும் நம் வினாவுக்கு நெருங்கிய விடையைத் தந்தது ‘தெராப்’ என்னும் அவுஸ்திரேலிய ஆய்வே. மெல்பேணில் உள்ள பீற்றர் மக்கலம் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த மைக்கேல் ஹொவ்மன் தலைமையில், பதினொரு நிலையங்களில் அது நடைபெற்றது. வந்தோர் 291 பேர். சேர்க்கப்பட்டோர் 200 பேர். ஒருசாராருக்கு லுதீசியமும், மறுசாராருக்குக் கபாசிடாக்செல் என்னும் இரசாயன மருந்தும் எனச் சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போலப் பகுத்தனர்.

சேர்ப்பதற்கு முன்னர் ஒவ்வொருவருக்கும் இரண்டு படங்கள் எடுத்தனர் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. ஒன்று பி.எஸ்.எம்.ஏ. படம். மற்றையது கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோசைக் கொண்டு எடுக்கும் படம். ஏன் இரண்டு? புற்றுநோயின் ஒரு பகுதி காலப்போக்கில் தன் பூட்டைக் கழற்றி எறிந்துவிடலாம். அப்பகுதி பி.எஸ்.எம்.ஏ. படத்தில் இருளாகத் தோன்றும். ஆனால் வேகமாக வளரும் கட்டி சர்க்கரையை அள்ளி விழுங்குமாதலால் குளுக்கோசுப் படத்தில் அது பளிச்சிடும். ஒரு படத்தில் மறைந்தும் மறுபடத்தில் ஒளிர்ந்தும் நிற்கும் கட்டி உடையோருக்கு லுதீசியம் போதாது என்று கருதி அவர்களைச் சேர்க்கவில்லை.

விளைவு யாது? பி.எஸ்.ஏ. அளவு பாதியாகவோ அதனினும் கீழாகவோ குறைந்தோர் லுதீசியம் பெற்ற சாராரில் 66 வீதம். இரசாயன மருந்து பெற்ற சாராரில் 37 வீதம். கடுமையான பக்கவிளைவுகள் முன்னவரில் 33 வீதத்தினருக்கும் பின்னவரில் 53 வீதத்தினருக்கும் ஏற்பட்டன.

ஆய்வாளர் அத்துடன் நின்றாரில்லை. பி.எஸ்.எம்.ஏ. படத்தில் கட்டிகள் எவ்வளவு ஒளிர்ந்தன என்பதை எண்ணாலும் அளந்தனர். கதிர்மருந்து உடலெங்கும் ஒரே சீராகப் பரவினால் ஓரிடத்தில் இருக்கக்கூடிய அளவை ஒன்று எனக் கொண்டு, கட்டிகளில் அதனைப்போல் எத்தனை மடங்கு தங்கியுள்ளது என்று கணக்கிடுவதே அவ்வெண். எல்லாக் கட்டிகளினதும் சராசரி 10 அல்லது அதற்கு மேற்பட்டிருந்தோரையும், அதற்குக் கீழ்ப்பட்டோரையும் பிரித்துப் பார்த்தனர். லுதீசியம் பெற்றவர்களுள் முதல் வகையினர் 35 பேர். அவர்களில் 32 பேருக்கு, அதாவது 91 வீதத்தினருக்கு, மருந்து பலித்தது. இரண்டாம் வகையினர் 64 பேர். அவர்களில் 33 பேருக்கு, அதாவது 52 வீதத்தினருக்குப் பலித்தது. இவை 2022 ஆம் ஆண்டில் வெளியாயின. குளுக்கோசுப் படத்தில் நோயின் பருமன் மிகுந்திருந்தோருக்கோ, இரு மருந்துகளில் எதனைக் கொடுத்தபோதும் பலன் குறைவாகவே இருந்தது.

ஆகவே வினாவின் முதற் பகுதிக்கு விடை கிடைத்துவிட்டது. இயலும். சிகிச்சைக்கு முன்னரே படம் ஏதோ ஒன்றைச் சொல்கின்றது. அது சொல்வதிற் பொருளும் உண்டு.

எண் வேலி ஆகலாமா?

அன்பர்களே! இனித்தான் நாம் சொல்ல வந்த செய்தி தொடங்குகின்றது.

91 என்னும் எண்ணைக் கண்டு மகிழ்கின்றோம். 52 என்னும் எண்ணைக் கவனித்தீர்களா? ‘ஒளிர்வு குறைந்தவர்கள்’ என்று ஒதுக்கிவைக்கப்படக்கூடிய அந்த வகையினரிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு மருந்து பலித்திருக்கின்றது! பத்து என்னும் எண்ணை வேலியாக நட்டு, ‘இதற்குக் கீழே உள்ளவர்களுக்கு மருந்து இல்லை’ என்று ஓர் அரசோ ஒரு காப்புறுதி நிறுவனமோ சொல்லுமாயின், பலன் பெறக்கூடிய இருவரில் ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியதாக முடியும். இத்தனைக்கும் அந்த 64 பேரும் வெகு மோசமான படம் உடையோர் அல்லர். ஆய்விற் சேர்வதற்கு வேண்டிய ஒளிர்வு உடையோரே. கபாசிடாக்செல் பெற்றவர்களுள்ளும் ஒளிர்வு மிகுந்தோரில் 47 வீதத்தினருக்கும் குறைந்தோரில் 32 வீதத்தினருக்கும் பலன் கிடைத்தது. ஒளிர்வு குறைந்தோருக்கு லுதீசியத்தின் 52 வீதம் இரசாயன மருந்தின் 32 வீதத்தினும் குறைந்ததாகுமோ? ஆதலால் இவ்வெண், தேர்வு செய்வதற்குத் துணையாகும் ஓர் அறிவு. ஒருவரைத் தள்ளிவைப்பதற்கான ஆணையன்று என்று நாம் உறுதியாகக் கருதுகின்றோம்.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அதே ஆய்வில் நோயாளிகளை மூன்றாண்டு தொடர்ந்து பார்த்தபோது, லுதீசியம் பெற்றோர் சராசரியாக 19.1 மாதங்களும், இரசாயன மருந்து பெற்றோர் 19.6 மாதங்களும் வாழ்ந்தமை தெரியவந்தது. ஆயுளில் வேறுபாடு இல்லை என்றே சொல்லவேண்டும். பி.எஸ்.ஏ. குறைவது ஒன்று, ஆயுள் கூடுவது வேறொன்று. அப்படியானால் பயன் இல்லையா? உண்டு. கடுமையான பக்கவிளைவு குறைந்த மாதங்கள், அதே எண்ணிக்கையான மாதங்களே ஆயினும், நோயாளிக்கு வேறு மாதங்கள் அல்லவா? ஆனால் அந்த மதிப்பீட்டைச் செய்யவேண்டியவர் நோயாளியே. எந்த மருந்து வாய் உலர்வைத் தரும், எது காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் தரக்கூடும் என்பதை அவருக்கு விளங்கும் மொழியில், அவருடைய தாய்மொழியிற் சொல்லி, அவரைத் தேர்வு செய்ய விடுதலே முறை.

படம் ‘வேண்டாம்’ என்று சொல்லும்போதும் ஒரு கடமை உண்டு. படத்தின் காரணமாக ஆய்விற் சேர்க்கப்படாதோரைத் தொடர்ந்து பார்த்ததில், அவர்கள் சராசரியாக ஏறத்தாழ 11 மாதங்களே வாழ்ந்தனர். சேர்க்கப்பட்டோரோ ஏறத்தாழ 19 மாதங்கள் வாழ்ந்தனர். ஆகவே எவரை இப்படம் ஒதுக்குகின்றதோ அவரே மிகுந்த இடரில் உள்ளவர். ‘உமக்கு இம்மருந்து பொருந்தாது’ என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவது வைத்தியம் ஆகாது. பொருந்தக்கூடிய வேறு மருந்தை விரைந்து தேடுவதற்கும், அதுவும் இல்லையெனில் வலியைத் தணித்து மானத்தோடு வாழச் செய்வதற்கும் உரிய அறிவித்தலாகவே அந்தப் படத்தைக் கொள்ளவேண்டும்.

சிகிச்சை தொடங்கிய பின்னரும் படத்தின் பணி முடிவதில்லை. லுதீசியம் பீற்றாக் கதிருடன் சிறிதளவு காமாக் கதிரையும் வெளியிடுவதால், மருந்து ஏற்றியபின் அதே மருந்தைக் கொண்டே படம் எடுக்கலாம். மருந்து எங்கே தங்கியது, அடுத்த முறை கட்டி சுருங்கியதா என்பதைக் காணலாம். பொதுவாக ஆறு வாரத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் ஆறு தடவை இம்மருந்து ஏற்றப்படுகின்றது. இடையிலேயே பலன் இல்லை என்று தெரிந்தால் நிறுத்தலாம். வீண் சுமை குறையும். உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் சிறுநீரகங்களிலும் அந்தப் பூட்டு உண்டு என்பதால், தேவையற்ற ஒவ்வொரு தடவையும் அவ்வுறுப்புகளின் மீது விழும் அடியே.

விலை யாருடையது?

இத்தகைய அறிவு யாருக்குக் கிடைக்கின்றது? 2022 ஆம் ஆண்டில் இம்மருந்து அமெரிக்காவிற் சந்தைக்கு வந்தபோது ஒரு தடவைக்கான விலை ஏறத்தாழ 42,500 டொலர். ஆறு தடவைக்கு இரண்டரை இலட்சம் டொலரைத் தாண்டும். இங்கிலாந்தில் சிகிச்சைகளை மதிப்பிடும் ‘நைஸ்’ நிறுவனம் 2023 ஆம் ஆண்டு நவம்பரில், செலவுக்கேற்ற பயன் இல்லை என்று கூறி இம்மருந்தைப் பரிந்துரைக்க மறுத்தது. அவுஸ்திரேலியாவோ 2022 ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதியிலிருந்து பி.எஸ்.எம்.ஏ. படத்தை, விதிக்கப்பட்ட தேவைகளுக்கு, தன் பொது மருத்துவக் காப்புறுதியிற் சேர்த்துக்கொண்டது. ஒரே படம், ஒரே மருந்து. நாட்டுக்கு நாடு வெவ்வேறு நீதி!

விலை கூடிய மருந்தையும், அது யாருக்குப் பலிக்கும் என்று முன்னறிவிக்கும் படத்தையும் சேர்த்து நோக்குங்கள். நேர்மையான அரசு, ‘பலிக்கக்கூடியவருக்குத் தவறாது கொடுப்போம், பலிக்காதவருக்கு வேறு வழி தேடுவோம்’ என்று படத்தைப் பயன்படுத்தும். சிக்கனம் ஒன்றையே நோக்கும் அரசு, ‘மறுப்பதற்கு ஓர் எண் கிடைத்தது’ என்று அதே படத்தைப் பயன்படுத்தும். கருவி ஒன்றே, பிடிக்கும் கையே வேறு. அந்தக் கையைக் கண்காணிக்கும் கடமை குடிமக்களாகிய நம்முடையது. அரசாங்க வைத்தியசாலைகளில் இலவச வைத்தியத்தை உரிமையாகப் பெற்று வாழும் இத்தீவின் மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. எந்தப் படம், எந்த ஊரில், எவருக்கு என்னும் கேள்வியை நிபுணர்களின் அறைக்குள் அடைத்துவிடாமற் பொதுமன்றத்திற் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

முடிவாக, இங்குள்ள முதியவர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் நாம் கூறுவது இது. சிறுநீர் கழிப்பதில் இடர் கண்டால், இடுப்பிலும் முதுகிலும் நீங்கா வலி கண்டால், மறைக்காதீர்கள், வைத்தியரிடம் செல்லுங்கள். நோய் உண்டென்று தெரிந்து, படம் எடுக்கப்பட்டு, சிகிச்சை கூறப்பட்டால், மூன்று கேள்விகளைத் தயங்காது கேளுங்கள். ‘இம்மருந்து எனக்குப் பலிக்கும் என்று படத்தில் எதனைக் கண்டீர்கள்? பலிக்காவிடின் எத்தனை வாரத்தில் அறிந்துகொள்வோம்? அப்போது என்ன செய்வோம்?’ நல்ல வைத்தியர் இக்கேள்விகளைக் கேட்டுச் சினக்கமாட்டார். தாயோ தாரமோ மகளோ அருகிலிருந்து, விடைகளை ஒரு தாளிற் குறித்துக்கொள்வாராயின் பின்னர் ஆறுதலாக எண்ணிப் பார்க்க உதவும்.

அறிவியல் நமக்கு ஒரு புதிய கண்ணைத் தந்திருக்கின்றது. அந்தக் கண் காண்பதை நோயாளியிடமும் காட்டி, அவரையும் அருகில் இருத்திக்கொண்டு வழியைத் தெரிவு செய்வோம். இதனை உங்கள் வீடுகளிலும் அயலிலும் எடுத்துச் சொல்லுமாறு வேண்டுகின்றோம்.